ஒரு வருஷம், ஐந்து தடவை: என் கோர்வைப் பட்டு

மகளின் வளைகாப்புக்காகக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கூட்டுறவு சங்கக் கடையில் போன வருஷம் எடுத்த பட்டுச் சேலை. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். நீல உடல், அரக்கு பார்டர். தள்ளுபடி போக 24,800 ரூபாய். ஐந்து தடவை கட்டியாகிவிட்டது, இனி எழுதலாம்.

கடைக்காரர் "பெரிய பார்டர்தாம்மா இப்போ ஓடுது" என்று பத்து இன்ச் பார்டராகவே விரித்துப் போட்டார். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கட்டினால் சேலைதான் நடந்து வரும், ஆள் தெரியாது. நாலு இன்ச் கேட்டேன். முகம் சுருங்கினாலும் எடுத்துக் காட்டினார்.

சேலையைத் திருப்பிப் பார்த்தேன். பார்டரும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு நிற ஊடையும், அதாவது குறுக்கே ஓடும் இழைகளும், பல்லுப் பல்லாகக் கவ்விக்கொண்டிருந்தன. இதுதான் கோர்வை. ஊடையை இழுத்துக்கொண்டு தறியில் ஓடும் கட்டைதான் நாடா. உடலுக்கு ஒரு நாடா, பக்கத்துக்கு ஒன்றாகப் பார்டருக்கு இரண்டு, ஆக மூன்று நாடா ஓடவேண்டும். தறியில் உதவிக்கு இன்னொரு ஆளும் வேண்டும். விலை ஏன் இவ்வளவு என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. முந்தி தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டினால் பேட்னி தடிப்பாகத் தட்டுப்படும். உடலின் பாவு இழைகளோடு, அதாவது நீளவாட்டு இழைகளோடு, முந்தியின் பாவு இழைகளை இணைத்த இடம் அது. தொங்கிக்கொண்டிருந்த சரிகை இழையை நகத்தால் கீறினேன், உள்ளே சிவப்புப் பட்டு, அசல் சரிகைக்கு அடையாளம். சில்க் மார்க் அட்டை பட்டுக்கு மட்டும்தான் சாட்சி, சரிகைக்கு இல்லை. அட்டையைப் பார்த்ததும் பணத்தை எண்ணிவிடாதீர்கள்.

சேலையில் குறை இல்லை. கோட்டைவிட்டது ஃபால்ஸில், சேலையின் அடியோரத்தில் உள்பக்கமாகத் தைக்கும் பட்டைத் துணியில். எங்கள் தெரு டெய்லர் காட்டன் ஃபால்ஸை நனைக்காமல், மிஷினிலேயே தைத்துக் கொடுத்துவிட்டார். மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் கொசுவத்தின் அடி நனைந்தது. காய்ந்ததும் ஃபால்ஸ் சுருங்கி, பார்டர் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அத்தனையும் பிரித்து, புது ஃபால்ஸை ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டு, நானே கையால் தளர்த்தித் தைத்தேன். மிஷின் ஊசி போட்ட துளைகள் அரக்கில் இன்னும் தெரிகின்றன.

கனம் உண்டு, சமையலறைத் தராசில் 780 கிராம். முதல் தடவை கொசுவம் குடையாக விரிந்து நின்றது. மூன்றாவது தடவைதான் சொன்ன பேச்சு கேட்டது. கூட வந்த ரவிக்கைத் துணியை வெட்டவில்லை. பழைய மாம்பழ மஞ்சள் ரவிக்கையைப் போட்டுக் காட்டினேன். "நீ இதையே போடும்மா" என்று மகள் முடித்துவிட்டாள். தோளில் குத்தும் ஊக்கின் சுருளில் ஒரு மணியைக் கோத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இழை அதற்குள் மாட்டிக் கிழியும்.

அவிழ்த்ததும் பீரோவில் வைப்பதில்லை. வேர்வை உலர நிழலில் இரண்டு மணி நேரம் கொடி, பிறகு அப்பாவின் பழைய வேட்டிக்குள் போகும். ஹேங்கர் கிடையாது. பூச்சி உருண்டை சரிகையைக் கறுக்கவைக்கும் என்பதால் துணியில் முடிந்த வசம்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுகிறேன்.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தங்கை இரவல் கேட்டிருக்கிறாள். அவள் ஊக்கு குத்தும் அழகு எனக்குத் தெரியும். இன்னும் பதில் சொல்லவில்லை.