தக்காளி நாற்றுக்கு 9 அங்குலப் பையா, பெயிண்ட் வாளியா?

தை மாதம் குழித்தட்டில் பி.கே.எம் 1 ரகத் தக்காளி விதை போட்டேன். 25 நாளில் நாலைந்து இலை விட்டு நாற்று தயார். மொட்டைமாடியில் பாதியை 9 அங்குல வளர்ப்புப் பையிலும், மீதியை 20 லிட்டர் பெயிண்ட் வாளியிலும் நட்டேன். மண் கலவை இரண்டுக்கும் ஒன்றுதான்.

தூக்கி நகர்த்தப் பைதான் சுலபம். ஈர மண்ணோடு வாளியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நடும்போதே ஒன்று புரிந்தது. குழித்தட்டின் அடியில் விரலால் அழுத்தினால், வெள்ளை வேர் பின்னிய மண்கட்டி அப்படியே வெளியே வரும். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலெல்லாம் வேர் விடும். அதனால் கீழிலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்தளவு புதைக்கலாம். வாளியில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பையில் அப்படி நட்டால் வேருக்குக் கீழே நாலு விரல் மண்கூட மிஞ்சவில்லை.

ஆனால் முடிவைச் சொன்னது தண்ணீர்தான். 9 அங்குல உயரமும் அகலமும் உள்ள பை, விளிம்புவரை நிரப்பினாலும் ஒன்பதரை லிட்டருக்கு மேல் பிடிக்காது. பங்குனி வெயிலில் காலையில் ஊற்றியது மூன்று மணிக்கே வற்றி, இலை தொங்கிவிடும். மாலையும் ஊற்றியாக வேண்டும். வாளிக்கு ஒருவேளை போதும்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக ஒன்றரை நாள் வெளியூர் போனோம். வந்து பார்த்தால் பைச்செடிகள் துவண்டு கிடந்தன. தண்ணீர் ஊற்றியதும் நிமிர்ந்தன, சரி, பிழைத்தது என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் காயைத் திருப்பிப் பார்க்கிறேன், காம்புக்கு எதிர்ப்பக்கம் நாணயம் அளவுக்குக் கறுத்து உள்ளே அமுங்கியிருக்கிறது. பூமுனை அழுகல். சுண்ணாம்புச்சத்துக் குறை என்பார்கள். மண்ணில் அது இருந்தாலும் காய்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்ணீர்தானே? மண்ணைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்குச் சரி, தொட்டித் தக்காளிக்கு ஆகாது. பைச்செடிகளுக்கு முட்டை ஓட்டுத்தூள் போட்டும் காய்கள் கறுத்துக்கொண்டே வந்தன. ஒன்றுமே போடாத வாளிகளில் மொத்தமே மூன்று காய்தான் கெட்டது.

வாளியில் ஒட்டியிருக்கும் பெயிண்ட்டைச் சுரண்டிக் கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஐந்தாறு ஓட்டையும் போட வேண்டும்.

12 அங்குலப் பையும் ஏறக்குறைய வாளி அளவு மண் பிடிக்கும். ஆனால் அதில் நான் வைத்தது இரண்டே செடி, அதுவும் பிந்தி. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 9 அங்குலப் பைகளில் இப்போது புதினாவும் கொத்தமல்லியும் வளர்கின்றன.