புக்கிட் ரோத்தான் ஆங்கில டியூஷன்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

கடைவரிசையில் மேல்மாடியில் நடக்கிற அந்த ஆங்கில டியூஷன் எப்படி என்று தோட்டத்தில் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். என் மகள் நான்காம் படிவம், அங்கேதான் படிக்கிறாள்.

மற்ற இடங்களில் மரபுத்தொடர் என்றால் ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், பிள்ளைகளும் சந்தோஷம் என்று வந்தாலே 'ஓவர் தி மூன்' என்று எழுதித் தள்ளுவார்கள். இந்த டீச்சர் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். 'ஹேப்பி ஏஸ் எ கிளாம்' (கிளாம் என்றால் சிப்பி) நடத்திய அன்று ஜெராமில் வாங்கிய உயிர் லாலா சிப்பியை ஒரு பேசினில் கடல் தண்ணீரோடு மேசைமேல் வைத்துவிட்டாராம். கொஞ்ச நேரத்தில் ஓடு லேசாகத் திறந்து உள்ளேயிருந்து குழாய் மாதிரி ஒன்று நீண்டிருக்கிறது, விரல் பட்டதும் சட்டென்று மூடிக்கொண்டதாம். அப்புறம்தான் பாடம். அமெரிக்காவில் 1830களிலேயே அச்சில் வந்த தொடர் இது, 'அட் ஹை டைட்' என்று வால் சேர்த்தும் சொல்வார்கள். தண்ணீர் வற்றினால்தான் சேற்றைத் தோண்டி எடுக்க முடியும், தண்ணீர் ஏறிவிட்டால் அதை யாரும் தொட முடியாது. திறந்த ஓடு சிரிக்கிற வாய் மாதிரி இருப்பதால் வந்தது என்றும் சொல்கிறார்கள். மலாயில் ஈ என்று இளிப்பவனை 'கெராங் பூசுக்' (அழுகிய சிப்பி) என்போமே, அதுவும் திறந்த ஓடுதான், ஆனால் செத்து நாறியது, அதனால் கேலி. இந்த வித்தியாசத்தை டீச்சர் விளக்கியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதாவது இது தலைகால் புரியாத சந்தோஷம் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லாத நிம்மதி. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்: செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற தாத்தா பேப்பரோடு வீட்டு ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கு இதை எழுதினாள், எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த அக்காவுக்கு 'ஓவர் தி மூன்'. 1970களில் பிரிட்டிஷ் காற்பந்துக்காரர்கள் ஜெயித்துவிட்டு டிவியில் சொல்லிச் சொல்லிப் பரப்பியது அல்லவா, அங்கே அதுதான் பொருத்தம்.

குறையும் உண்டு. ஏர்கோன் இல்லை, நோட்ஸ் மங்கலான போட்டோஸ்டாட், இலக்கணப் பயிற்சி போதாது. எனக்குப் பெரிய கவலை, வகுப்பு ஒன்பதரைக்கு முடிகிறது, அந்த நேரத்தில் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. மோட்டார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அரை மணி முன்னால் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மாதம் 60 வெள்ளி, முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை, உட்கார்ந்து பார்த்துவிட்டே சேர்க்கலாம்.