பகல் மையமா, கூட வரும் ஒரு ஆளா, சின்ன வேலையா?

மாத்திரை சாப்பிட்டுக் காதில் கேட்ட குரல்கள் அடங்கிய பிறகும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் உண்டு. "மாத்திரை போடுறான், ஆனா யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறான்" என்று அம்மாக்கள் வருத்தப்படுவார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் வருவது போன்ற மனநோய்க்கான மருந்து, குரலையும் சந்தேகத்தையும் குறைக்கிற அளவுக்கு ஆர்வமின்மையையும் ஒதுங்கிப்போவதையும் குறைப்பதில்லை. அந்த மிச்சத்துக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

இந்த நோய் உள்ளவர்கள் பகலில் போய் இருந்துவிட்டு வரும் பகல் மையம் நல்லதுதான். இதே நோயைத் தாண்டி வந்தவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அஞ்செட்டியிலோ பென்னாகரத்தைத் தாண்டியோ இருப்பவர் ஊர்விட்டு ஊர் பஸ் மாறிப் போக வேண்டும். பஸ்ஸில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறவரிடம் தினமும் அதைக் கேட்பது ரொம்ப அதிகம், அங்கே கிடைக்கும் நட்பும் பெரும்பாலும் மையத்தோடு நின்றுவிடும்.

சின்ன வேலை என்றதும் நம் பக்கம் ஓசூர் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அதில் பயம் உண்டு, ஏனென்றால் நைட் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் நோய் திரும்பி வரலாம். அதைவிடச் சாயந்திரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவது எவ்வளவோ மேல். காலையில் மாத்திரை மயக்கம் இருக்கும், சாயந்திரம் அது கொஞ்சம் தெளிந்திருக்கும். தினமும் அதே ஆட்கள், ரெண்டு நிமிஷப் பேச்சு, கையில் கேன் இருப்பதால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாடு இல்லாத வீட்டில் மளிகைக் கடை, மாந்தோப்பு என்று வேறு பார்க்கலாம்.

ஆனால் முதல் நாள் யார் கூட்டிப்போவது? அங்கேதான் கூட வரும் ஆள் வேண்டும். லண்டனில் சைக்கோசிஸ் உள்ள 124 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர் ஒருவர் தொடர்ந்து சந்தித்தவர்களுக்குப் பழகும் ஆட்கள் கூடினார்கள், ஆனால் வெளியே ஏதாவது செய்து கழித்த நேரம் கூடவில்லை. அதாவது துணை மட்டும் போதாது, துணையோடு போக ஒரு இடமும் வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் நாட்டில் பயிற்சி பெற்ற உள்ளூர் பணியாளர்கள், சைக்கோசிஸில் ஒரு வகையான மனச்சிதைவு உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது, அதில் தமிழ்நாட்டுப் பகுதியில் நல்ல பலன் தெரிந்தது. வீடு தேடிப் போவது நமக்கும் புதுசில்லை, மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான்.

அதனால் என் தேர்வு, துணை முதலில், கூடவே வேலை, மையம் அப்புறம். துணை அம்மாவாக இல்லாமல், அவர் நம்பும் சித்தப்பா மகனோ பக்கத்து வீட்டு அண்ணனோ என்றால் நல்லது. கொஞ்ச நாள் கூடவே போகட்டும், பிறகு பாதி வழிவரை, அப்புறம் திரும்பி வரும்போது மட்டும். அவர் ஒரு நாள் வரமாட்டேன் என்றால் திட்டாமல் விட்டுவிட்டு மறுநாள் கூப்பிட வேண்டும். தூக்கம் குறைந்தாலோ பழைய சந்தேகம் தலைகாட்டினாலோ வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்; எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.