ஸ்கிப் போட்டு ஆறு வருஷம்: ஒரு புலம்பல்

நேற்று ராத்திரி பழைய ஆபீஸ் நண்பன் கூப்பிட்டான். "மச்சான், சப்ளையர் அனுப்புற எக்ஸ்எம்எல்ல டிஸ்கிரிப்ஷனை மட்டும் ஸ்கீமா செக் பண்ணாம விடணும். வழி இருக்கா?"

இருக்கிறது. எக்ஸ்எம்எல் என்பது தகவலை டேகுகளுக்குள் வைத்து அனுப்பும் ஃபைல்; அதில் எது எப்படி வரலாம் என்ற விதிப்பட்டியல்தான் ஸ்கீமா, அதை எழுதும் மொழி எக்ஸ்எஸ்டி. எக்ஸ்எஸ்டியில் அந்த இடத்தில் 'எனி' (எந்த எலிமென்டும், அதாவது டேகும் அதன் உள்ளடக்கமும், வரலாம்) வைத்து, எவ்வளவு சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ப்ராசஸ்கன்டென்ட்ஸில் 'ஸ்கிப்' (சோதிக்காதே) என்று கொடுத்தால் வேலை முடிந்தது. ஒன்றும் கொடுக்காவிட்டால் 'ஸ்ட்ரிக்ட்' (கறாராகச் சோதி) என்று எடுத்துக்கொள்ளும். பதில் இவ்வளவுதான், ஆனால் அரை மணி நேரம் புலம்பிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

எங்களுடையது பொருள் பட்டியல் ஃபைல். விலை, அளவு, குறியீடு எல்லாம் கறாராகச் சோதனையாகும். விளக்கம் மட்டும் எக்ஸ்எச்டிஎம்எல், அதாவது எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதிய வெப் பக்க மொழி. அதற்குள் சப்ளையர்கள் போடும் டேபிள், லிஸ்ட், லிஸ்டுக்குள் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் ஸ்கீமா எழுத உட்கார்ந்திருந்தால் இன்னும் எழுந்திருக்க மாட்டேன். ஜாவா பக்கம் இன்னும் சுகம். ஸ்கிப் பகுதியை ஜேஏஎக்ஸ்பி (JAXB, எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் கருவி) டாம் எலிமென்டாகவே, அதாவது டேகுகளின் மர வடிவிலேயே, கையில் கொடுத்துவிடும். வந்தபடியே அடுத்த சிஸ்டத்துக்குத் தள்ளிவிடலாம். இந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்தப் பெயர் இருக்கிறதே! ஸ்கிப் என்றதும் உள்ளே எந்தக் குப்பையையும் கொட்டலாம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்வது ஸ்கீமாதான், ஃபைலைப் படிக்கும் பார்சர் இல்லை. திறந்த டேகை மூடாவிட்டால் அது விடாது.

என் தீராத தலைவலி ஒரு வெற்றிடம், வரி உடையாத இடைவெளிக்கான குறியீடு: எச்டிஎம்எல்லின் '&என்பிஎஸ்பி;'. எக்ஸ்எம்எல்லுக்குப் பிறவியிலேயே தெரிந்த என்டிட்டிகள் (எழுத்துக்குப் பதிலாகப் போடும் சுருக்கப் பெயர்கள்) ஐந்துதான். இது அதில் இல்லை. அந்தப் பெயரை அறிவிக்கும் டிடிடி இல்லாமல் வந்தால் பார்சர் மொத்த ஃபைலையும் தூக்கி எறியும். ஒரு குக்கர் மூடியின் விளக்கத்தில் ஒரே ஒரு இடைவெளி, அதற்காக 4,000 பொருள்கள் நடுத்தெருவில் நிற்கும். உடனே போன் வரும்: "அந்தப் பகுதியைச் செக் பண்ண மாட்டோம்னு சொன்னீங்களே சார்?" '&#160;' என்று அதே இடைவெளியை எண்ணாக எழுதுங்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறேன். ஆள் மாறுவார், என்பிஎஸ்பி மாறாது.

நேம்ஸ்பேஸிலும் (எலிமென்ட் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) இப்படி ஒரு கூத்து உண்டு. எனியில் எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸ் மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறேன். வாசலில் நிற்கும் முதல் எலிமென்டுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி. அதைத் தாண்டிவிட்டால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஸ்கிப் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு சப்ளையர் தன் கம்பெனியின் உள்விலைப் பட்டியலை அங்கே ஒளித்து அனுப்பியதே எங்களுக்கு மூன்று மாதம் தெரியவில்லை.

அதனால் நண்பனிடம் தீர்மானமாகச் சொன்னேன்: ஸ்கிப் வேண்டாம், 'லாக்ஸ்' போடு. ஸ்கீமாவில் டிக்ளரேஷன் (விதி) கிடைத்த எலிமென்டைச் சோதிக்கும், கிடைக்காததை விட்டுவிடும். சிஸ்டங்கள் செய்தி அனுப்பும் சோப் 1.1-இன் பாடி, ஜிபிஎஸ் பாதைகளைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் 1.1-இன் எக்ஸ்டென்ஷன்ஸ் இரண்டிலும் லாக்ஸ்தான்.

"அப்ப நீ மாத்திட்டியா?"

மாற்றவில்லை. லாக்ஸ் போட்டால் ஜேஏஎக்ஸ்பி எலிமென்டுக்குப் பதில், என்ன வகை என்று சொல்லாமல், வெறும் ஆப்ஜெக்ட் என்று நீட்டும். அதைத் தொடும் கோட் 14 இடத்தில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார்.