கதிரை என்று சொல்லாத டெப்: சின்னப் பிள்ளைகளுக்கான செயலிகளோடு நான்கு வருடம்

2021 கடைசியில் இந்த டெப்பை (டேப்லெட்டை) வாங்கியபோது மூத்தவளுக்கு இரண்டரை வயது. இந்த வருடம் அவள் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள், சின்னவனுக்கும் மூன்று முடிந்துவிட்டது. இடையில் ஐம்பது செயலிகளாவது வந்து போயிருக்கும். இன்று டெப்பில் மிச்சம் இருப்பவை நான்கு. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் சின்னப் பிள்ளைகள் அதிகம். லிஃப்டில் சந்திக்கும் தாய்மார், "பிள்ளைக்கு எதைப் போட்டுக் கொடுக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். ஐந்தாம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போகிறவள். பகலில் பிள்ளைகள் என் அம்மாவோடுதான், அதாவது அவர்களின் அம்மம்மாவோடு. டெப் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும். இது முக்கியம், ஏன் என்று பிறகு தெரியும்.

ஆரம்பத்தில் நான் தேடிய விதமே பிழை. நட்சத்திரம் கூடியதாகவும் இலவசமாகவும் இருந்தால் இறக்கிவிடுவேன். அப்படி வந்ததுதான் பலூன் உடைத்து எழுத்துப் படிக்கும் ஒரு செயலி. மூன்று பலூனுக்கு ஒரு விளம்பரம். மூடுகிற குறி மூலையில் கடுகளவு, அதுவும் தாமதித்துத்தான் வரும். இரண்டரை வயதுப் பிள்ளையின் விரல் அதில் படுமா? விளம்பரத்தின் நடுவில்தான் படும். ஒருநாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தால், திரை முழுக்கத் தங்கக் காசுகள் சுழல்கின்றன. "அம்மா, காசு வருது" என்று கை தட்டுகிறாள். ஏதோ சூதாட்ட விளையாட்டின் விளம்பரம். அன்றே அழித்தேன்.

நம் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. அமெரிக்காவில் குழந்தை நல மருத்துவர் ஜெனி ராடெஸ்கியும் குழுவினரும் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பயன்படுத்தும் 135 செயலிகளைப் பிரித்துப் பார்த்து, 2019இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 95 சதவீதமான செயலிகளில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. விளையாட்டை நிறுத்தி வரும் வீடியோ மட்டுமல்ல, கதையில் வரும் பாத்திரமே வாங்கச் சொல்லித் தூண்டுவதும் அதற்குள் அடங்கும். அந்த வயதில் பிள்ளைக்கு விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரிக்கத் தெரியாது. இப்போது பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே விளம்பரங்கள் உள்ளன என்று ஒரு வரி இருந்தால் மேலே படிப்பதே இல்லை. ஆசிரியர்கள் அங்கீகரித்தது என்ற குறி இருந்தாலும் அந்த வரியைப் பார்க்கிறேன்.

அடுத்த பாடம் 2022இல் கிடைத்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வைஃபை இல்லை, போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான். டெப்பில் சார்ஜ் இருக்கும், ஆனால் பாதிச் செயலிகள் திறக்கவே மாட்டா, வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த நாட்களில் கைகொடுத்தது ஜிகொம்ப்ரி. பெயர் பிரெஞ்சு, "எனக்கு விளங்கிவிட்டது" என்று பொருள். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் தன்னார்வலர்கள் செய்து தருவது. இலவசம், விளம்பரம் இல்லை, 2 முதல் 10 வயது வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள். விரலால் தேய்த்தால் மேலே இருப்பது அழிந்து கீழே படம் தெரியும் பயிற்சி ஒன்று உண்டு. மூத்தவள் மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை எத்தனை தரம் செய்தாள் என்று கணக்கில்லை. தோற்றம் பளபளப்பாக இருக்காது. செட்டிங்ஸில் நட்சத்திர அளவை ஒன்று, இரண்டு என்று குறைத்து வைத்தால் சின்னப் பிள்ளைக்கு உரியவை மட்டும் வரும். அதைச் செய்யாமல் கையில் கொடுக்காதீர்கள்.

அன்றிலிருந்து எந்தச் செயலியையும் இறக்கியதும் முதலில் ஃபிளைட் மோடில் போட்டுத் திறந்து பார்ப்பேன். வேலை செய்தால் இருக்கும், இல்லாவிட்டால் போகும். விளம்பரத்தில் பெரும்பகுதியும் இதிலேயே நின்றுவிடும்.

மற்ற இரண்டு ஆங்கிலச் செயலிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கான் அகாடமி கிட்ஸ் 2018இல் வந்தது. லாப நோக்கமற்ற நிறுவனத்தினுடையது என்பதால் விளம்பரமும் இல்லை, இடையில் காசு கேட்பதும் இல்லை. 2 முதல் 8 வயது வரைக்கும். அதன் நூலகப் பகுதியில் உள்ள புத்தகங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். நான் பிள்ளைகளை நேரே அங்கேதான் கூட்டிப் போவேன். குரல் அமெரிக்கக் குரல், ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை "ஸீ" என்று சொல்லும். நம் முன்பள்ளியில் "இஸட்". இரண்டும் ஒன்றுதான் என்று ஒருதரம் சொல்லிக் கொடுத்தால் போதும்.

எண்ட்லெஸ் அல்பபெட்தான் சின்னவனின் செயலி. ஒரு சொல் வரும், குட்டிப் பூதங்கள் ஓடிவந்து எழுத்துகளைச் சிதறடித்துவிடும். பிள்ளை ஒவ்வோர் எழுத்தாக இழுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். விரல் எழுத்தில் இருக்கும்வரை அது தன் ஒலியை எழுப்பிக்கொண்டே வரும். முடிந்ததும் அந்தச் சொல்லின் பொருளை ஒரு சின்னக் காட்சியாக நடித்துக் காட்டும். புள்ளி இல்லை, நேரக்கட்டுப்பாடு இல்லை, பிழை என்று அலறும் சத்தம் இல்லை. எங்கள் டெப்பில் சில சொற்கள் இலவசமாக வந்தன, மீதியை ஒரே தடவையாகக் காசு கொடுத்து வாங்கினோம். சில நாள் கழித்து சின்னவன் சாப்பாட்டு மேசையில் கரண்டியை இழுத்து இழுத்து "ம்ம்ம்" என்று சொல்வதைப் பார்த்தேன். டெப்பை மூடிய பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். அந்தக் கரண்டிக்காகவே கொடுத்த காசு தகும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். நான் அதிகம் அலைந்ததும், மனம் நொந்ததும் இதில்தான்.

தமிழ் கற்பிக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றில் நான்கு படங்களைக் காட்டி "நாற்காலி எங்கே?" என்று கேட்டது. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. படத்தில் இருப்பது அவளுக்குக் கதிரை. நாற்காலி என்று அவள் காதில் விழுந்ததே இல்லை. விரலை எதிலும் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலி "ட்ரீங்" என்று பிழைச் சத்தம் போட்டது. தோடம்பழத்துக்கும் அப்படித்தான், அங்கே அது ஆரஞ்சு. சப்பாத்துக்கும் அப்படித்தான், அங்கே காலணி. அடுத்த நாள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, எங்கட கதிரை பிழையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் அம்மாதான் சொன்னார்: "இல்லை பிள்ளை, கதிரைதான் சரி. அதுக்கு நாலு கால் இருக்குத்தானே, அதால நாற்காலி எண்டும் சொல்லுவினம்." மகள் குனிந்து கதிரையின் கால்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். அப்புறம் மேசைக்கும் நாலு கால்தானே, அதை ஏன் அப்படிச் சொல்வதில்லை என்று கேட்டாள். அன்று பின்னேரம் முழுக்க அதே பேச்சு. டெப் சோபாவில் கிடந்தது.

கதிரை, அலுமாரி, சப்பாத்து, குசினி எல்லாம் போர்த்துக்கீசர் காலத்தில் நம்மோடு சேர்ந்த சொற்கள். நானூறு வருடமாக நம் வீடுகளில் புழங்குபவை. அவற்றைச் சொன்ன பிள்ளைக்கு ஒரு பெட்டி பிழை போடுவதை நான் ஏற்கமாட்டேன். நாற்காலியும் அவளுக்கு வேண்டும், வாசிக்கப் போகிற புத்தகங்களில் அது வரும். ஆனால் இரண்டாவதாக வரட்டும்.

கல்விச் செயலி எப்படி இருக்க வேண்டும் என்று கேத்தி ஹெர்ஷ்-பாசெக்கும் சக ஆய்வாளர்களும் 2015இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பிள்ளையின் மனம் சும்மா இராமல் வேலை செய்ய வேண்டும், கவனம் சிதறக் கூடாது, கற்பது பிள்ளையின் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும், இன்னொரு மனிதரோடு பேசிப் பழக இடம் வேண்டும் என்பது அதன் சாரம். கதிரைச் சம்பவத்தில் கடைசி இரண்டையும் செய்தது என் அம்மா.

அதனால் நாங்களே ஒன்று செய்தோம். கணவர் போனைப் பிடிக்க, அம்மா வீட்டுச் சாமான் ஒன்றைக் கையில் எடுத்து "இது என்ன?" என்று கேட்பார். நாலைந்து செக்கன் பேசாமல் இருப்பார். பிறகு "தும்புத்தடி" என்பார். ஒரு வீடியோ பதினைந்து செக்கன்தான். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது, டெப்பில் ஒரே ஃபோல்டரில் போட்டிருக்கிறோம். நான்கு செயலிகளையும் விட அதிகம் திறக்கப்படுவது இதுதான். அந்த நாலைந்து செக்கன்தான் இதில் எல்லாமே. பிள்ளை யோசித்துச் சத்தமாகச் சொல்கிற இடம் அது. காசு கொடுத்து வாங்கிய பல செயலிகள் அந்த இடத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, கேட்ட மறுகணம் தாங்களே பதிலைச் சொல்லிவிடும்.

மூத்தவளுக்கு ஐந்து வயது ஆனதும் கூகுளின் ரீட் அலோங் போட்டோம். 2019இல் இந்தியாவில் போலோ என்ற பெயரில் தொடங்கி, அடுத்த வருடம் தமிழ் உட்படப் பல மொழிகளோடு மற்ற நாடுகளுக்கும் வந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க, தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டிருந்து உதவும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிறகுதான் அதால் பயன். மூன்று வயதில் கொடுக்காதீர்கள். கதைக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்ப் படக்கதைகளை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்திருக்கிறேன். அம்மா மடியில் வைத்து வாசிப்பார். நாற்காலி வரும் இடத்தில் கதிரை என்று வாசித்துவிட்டு, பிறகு எழுத்தைத் தொட்டுக் காட்டி மற்றச் சொல்லையும் சொல்வார்.

எழுத்தின் மேல் விரலால் வரையும் செயலிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். மூத்தவளுக்கு விஜயதசமியில் ஏடு தொடக்கினோம். பச்சரிசியில் விரல் பிடித்து "அ" எழுதியபோது அரிசி விலகி ஓடுவதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். டெப்பில் அதே "அ" எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும், நிறம் நிறைந்தால் கைதட்டல். சில மாதத்தில் அவள் வாலிலிருந்து எழுதப் பழகியிருந்தாள். முன்பள்ளி ரீச்சர் பென்சிலில் அதைத் திருத்தப் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு, சின்னவனுக்கு ஒரு தட்டில் அரிசிதான்.

நேரத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது தெளிவானது: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அரை மணித்தியாலம். இதில் நான் கண்டது, நிறுத்தும்போது வரும் அழுகை செயலியைப் பொறுத்தது. ஒரு சொல், ஒரு கதை என்று தானாக முடியும் செயலியில் "இது முடிய வைப்போம்" என்றால் சின்னவன் டெப்பைக் கீழே வைக்கிறான். ஒன்று முடியுமுன்னே அடுத்ததைத் தள்ளிவிடும் செயலியில் எந்த இடத்தில் வாங்கினாலும் பறித்ததாகவே அவனுக்குப் படுகிறது. அந்த வகையை வீட்டில் வைப்பதில்லை. சோறு தீத்தும்போதும் டெப் கிடையாது. இதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் கொஞ்ச நாள் எடுத்தது. இப்போது ஜன்னலோரம் வைத்துத் தீத்துகிறார், கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது ஒரு வாய்.

காசு விஷயம். இலவசமாக ஒரு வாரம் என்று தொடங்கி, பிறகு டொலரில் மாதாமாதம் அறவிடும் சந்தா ஒன்றில் 2022இல் மாட்டினோம். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய நேரம் அது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்துச் செய்ய வேண்டும். எனக்கு அது தெரிய வரும்போது மூன்று மாதக் காசு போய்விட்டது. வாங்குவதென்றால் ஒரே தடவை கொடுத்து முடிவதை வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கை, தன் பதினான்கு மாதப் பிள்ளைக்கு என்ன போடலாம் என்று போன கிழமை கேட்டாள். ஒன்றும் போடாதே என்றேன். அந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனமும் திரையைப் பரிந்துரைப்பதில்லை. அம்மாவோடு வீடியோ கோல் மட்டும் எடு என்று சொன்னேன்.

சனிக்கிழமை மூத்தவள் போனைப் பிடித்தாள். அம்மம்மா தேங்காய் துருவும் திருவலையைத் தூக்கிக் காட்டினார். சின்னவனுக்கு அந்தச் சொல் நேரத்துக்குள் வரவில்லை. இடைவெளியை இன்னும் மூன்று செக்கன் கூட்டி மறுபடியும் எடுத்தோம்.