டக்ட் மாட்டுகிறவன் கையில் நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம்

சேலம் சூரமங்கலத்தில் இருந்துகொண்டு ஏசி டக்ட், அதாவது குளிர்காற்று போகும் தகரக் குழாய், மாட்டும் வேலை எடுத்துச் செய்கிறேன். எட்டு மாதமாக என் லேப்டாப்பில் நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் இருக்கிறது. ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தருகிற மென்பொருள். பீம், டக்ட், தண்ணீர் பைப், கேபிள் ட்ரே எல்லாம் சேர்ந்த முப்பரிமாணப் படத்தைத் திறந்து உள்ளே நடந்து பார்க்கலாம், அளக்கலாம். நான் படம் வரைகிறவன் இல்லை. வரைந்ததை வாங்கி மாட்டுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முன்பு ஒரு நர்சிங் ஹோம் வேலை. மாடிக்கு மாடி 3600 மி.மீ., பீம் ஆழம் 600, ஃபால்ஸ் சீலிங் 2700-இல். கழித்தால் பீமுக்குக் கீழே நிற்பது 300. என் டக்ட் உயரம் 250. மேலும் கீழும் 25 நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன். 300 அங்கேயே தீர்ந்தது, சீலிங் ஃபிரேமுக்குக்கூட இடமில்லை. அதே இடத்தில் பாத்ரூமின் 110 டிரெயின் பைப் குறுக்கே வந்தது. டிரெயினுக்கு வாட்டம் வேண்டும். 100-க்கு 1 வைத்தாலும் 6 மீட்டர் ஓட்டத்தில் 60 மி.மீ. இறங்கிவிடும், அதை மேலே தூக்கச் சொல்ல முடியாது. பீமில் துளை போட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சரிதான். மாட்டி முடித்த 14 மீட்டரை இறக்கி, உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி மறுபடி அடித்தோம். ஏசி படம் தனி, ப்ளம்பிங் படம் தனி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யாருமே பார்த்திருக்கவில்லை.

இப்போது அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வரைகிறவர் வாரம் ஒரு என்டபிள்யூடி ஃபைல் (ஃப்ரீடமில் திறக்கிற படம்) அனுப்புகிறார். போன மாதம் சிமெண்ட் மூட்டை அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து ப்ளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருஷ வேலைக்காரர், ஆனால் பிளான் படித்துப் பழக்கமில்லை. திரையை உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தப் பச்சைப் பைப்பு என்னுதுங்களா?”

“ஆமாங்கண்ணா.”

“அப்படின்னா உங்க டக்ட்டுக்கு முன்னாடி நான் மாட்டிடறேனுங்க. அப்புறம் கை நுழையாது.”

படத்தில் இரண்டும் இடிக்கவில்லை, இடமும் இருந்தது. எது முதலில் என்பது அவர் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இதற்காகவே இந்த மென்பொருளை மனதாரச் சிபாரிசு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. எது எதோடு இடிக்கிறது என்று ஃப்ரீடம் தானாகக் கண்டுபிடிக்காது. அதற்கு ‘மேனேஜ்’ என்கிற காசு கொடுத்து வாங்கும் பதிப்பு வேண்டும். அந்தச் சோதனையை வரைகிறவர்தான் செய்து தர வேண்டும். விண்டோஸில் மட்டுமே ஓடும். என் 8 ஜிபி லேப்டாப்பில் பெரிய ஃபைல் திணறுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், என்டபிள்யூடி என்பது அன்றைய நிலையை அப்படியே பிடித்து வைத்த நகல். அங்கே படத்தை மாற்றினால் இங்கே மாறாது. அதனால் ஃபைல் பெயரிலேயே தேதி போடச் சொல்லியிருக்கிறேன். இன்சுலேஷனையும் சேர்த்து வரைந்தார்களா என்று முதலில் கேளுங்கள். டக்ட்டின் வெறும் ஜிஐ ஷீட் (தகரம்) அளவு மட்டும் இருந்தால், இடம் இருப்பது போலத் தெரிந்து ஏமாற்றும்.

ஏற்காட்டில் ஒரு விடுதிக்குச் சமையலறை எக்ஸாஸ்ட் டக்ட் போடுகிறோம். ஒரு சந்தேகத்துக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் அரைநாள் போய்விடும். ஃபைல் லேப்டாப்பிலேயே இருப்பதால் நெட்டும் தேவைப்படவில்லை. போன செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு பீமை டேப் வைத்து அளந்தேன். ஃபைலில் 450, சைட்டில் 525. போட்டோ எடுத்து வரைகிறவருக்கு அனுப்பினேன். புது ஃபைல் வரும்வரை அந்தப் பீம் பக்கம் டக்ட்டைத் தொங்கவிடும் த்ரெட் ராட் ஒன்றுகூட அடிக்க வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினேன்.