போன் காதில் இருக்கும்போதே ஃபோல்டர் திறக்க: எக்ஸ்ப்ளோரரா, எவ்ரிதிங்கா, டோட்டல் கமாண்டரா?

“சார், பேங்க்ல உட்கார்ந்திருக்கேன். 21-22 ஜிஎஸ்டிஆர்-9 காப்பி ஒண்ணு வாட்ஸப்புல போட்டுடுங்க.” ஜிஎஸ்டிஆர்-9 என்பது ஜிஎஸ்டியின் ஆண்டு ரிட்டர்ன். கிளையன்ட் இப்படிச் சொல்லிவிட்டு லைனிலேயே இருப்பார், கட் பண்ண மாட்டார். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினப்படிப் பாடு. எங்களிடம் கிளையன்ட் ஃபோல்டர்கள் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண்டுவாரியாக ஒரு ஃபோல்டர், அதற்குள் ஜிஎஸ்டி, ஐடி (வருமான வரி), டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி). அவர் லைனில் இருக்கும்போதே அந்த மூன்றாவது அடுக்குக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பதுதான் ஃபோல்டர் திறக்க உதவும் இந்த மூன்று மென்பொருள்களுக்கும் நான் வைக்கும் பரீட்சை.

முதலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். பலர் நினைப்பதைவிட இது கெட்டிக்காரன். விண்டோஸ் விசையோடு ஈ அழுத்தினால் திறக்கும். கிளையன்ட் பட்டியலில் நின்றுகொண்டு, தேடல் பெட்டியைத் தொடாமல், பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தொடர்ந்து தட்டினால் அந்த ஃபோல்டருக்கே தாவும். நடுவில் கொஞ்சம் தயங்கினால் புதிய சொல் என்று எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்விடும், அவ்வளவுதான். உள்ளே நுழைய என்டர், வெளியே வர ஆல்ட்டும் மேல் அம்பும். மௌஸைத் தொடவே வேண்டாம்.

ஆனால் நம் ஊர் நிறுவனப் பெயர்களிடம் இந்த வித்தை தோற்றுப்போகிறது. எங்கள் பட்டியலில் பாதிக்குப் பாதி ‘ஸ்ரீ’யில்தான் தொடங்கும். ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ், ஸ்ரீ மாரியம்மன் மில்ஸ், ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ். அதையும் ஆங்கிலத்தில் ஒருவர் ஐ போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டை ஈ போடுவார், மூன்றாமவர் நடுவில் ஒரு ஹெச் சேர்ப்பார். முதலெழுத்தை நம்பும் எந்த முறைக்கும் இது எமகண்டம்.

இடப்பக்கம் இருக்கும் குயிக் ஆக்சஸ் எப்படி? நாமே பின் செய்த ஃபோல்டர்கள் ஆறேழு என்றால் அருமை. அடிக்கடி திறப்பவற்றைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் வசதியைத்தான் நான் முதல் வேலையாக அணைப்பேன். நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருந்தால் கைப்பழக்கம் எப்படி வரும்? ஆல்ட்டுடன் டி அழுத்தி முகவரிப் பட்டையில் பாதையைத் தட்டுவது இன்னொரு வழி. தட்டத் தட்டக் கீழே பரிந்துரை வரும். டிரைவ் எழுத்தும் ஃபோல்டர் அமைப்பும் மனப்பாடமாக இருப்பவர்களுக்கு இது போதும். விண்டோஸ் 11இல் 2022 இறுதியில் வந்த டேப் வசதியும் உதவுகிறது. கிளையன்ட் பட்டியலை ஒரு டேபில் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ப்ளோரரின் வலது மூலையில் இருக்கும் தேடல் பெட்டியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. இயல்பான அமைப்பில் அது முன்கூட்டியே அட்டவணை (இண்டெக்ஸ்) போட்டு வைப்பது டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற சில இடங்களை மட்டும்தான். நம் வேலை டி டிரைவில் இருந்தால் ஒவ்வொரு ஃபோல்டராகத் தட்டிப் பார்த்துக்கொண்டு, மேலே பச்சைக் கோடு நத்தைபோல் ஊரும். போனில் இருப்பவர் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

இனி எவ்ரிதிங். வாய்ட்டூல்ஸ் வெளியிடும் இலவசத் தேடல் மென்பொருள். இது ஃபோல்டர் ஃபோல்டராக அலைவதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) வட்டில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் வைத்திருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரடியாகப் படித்துவிடுகிறது. அப்புறம் நடக்கும் மாற்றங்களை வட்டே எழுதிவைக்கும் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புகளுக்கு அட்டவணை போட ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதன்பின் எழுத்து விழ விழப் பட்டியல் சுருங்கும்.

ஸ்ரீ தொல்லை இங்கே ஒழிந்தது. பெயரின் எந்தத் துண்டையும், எந்த வரிசையிலும், நடுவில் இடம் விட்டு அடிக்கலாம். முருகன் டிரேடர்ஸ் வேண்டுமா? ‘முரு’, ‘டிரே’ என்று ஆங்கிலத்தில் இரண்டு துண்டு போதும். ஆனால் ஒரு செட்டிங்கை மாற்றியாக வேண்டும். இயல்பாக அது கடைசிப் பெயரில் மட்டும்தான் தேடும். ‘முரு 21-22’ என்று அடித்தால் ஒன்றும் வராது, ஏனென்றால் முருகன் ஒரு ஃபோல்டர், 21-22 அதற்குள் இருக்கும் வேறொரு ஃபோல்டர். தேடல் மெனுவில் ‘மேட்ச் பாத்’ என்பதை டிக் செய்தால் முழுப் பாதையிலும் தேடும். கோப்புகள் எல்லாம் கலந்து வந்து குழப்பினால், தேடும் சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஃபோல்டர் என்று அடித்து முக்காற்புள்ளி வைத்தால் ஃபோல்டர்கள் மட்டும் நிற்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் “எவ்ரிதிங் போட்டேன், சரியா வரல” என்று நீக்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

குறைகள் உண்டு. பொதுக் கணினியில் இருக்கும் நெட்வொர்க் டிரைவைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஆப்ஷன்ஸில் போய் நாம் சேர்க்க வேண்டும், எப்போது மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்து மேசைக்காரர் ஐந்து நிமிடம் முன்பு உருவாக்கிய ஃபோல்டர் சில நேரம் நம் பட்டியலில் இருக்காது. இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. வட்டின் அட்டவணையையே படிப்பதால், நமக்குத் திறக்க அனுமதி இல்லாத ஃபோல்டர்களின் பெயர்களும் கண்ணில் படும். உள்ளே போக முடியாது, பெயர் தெரியும். முன்பு நான் இருந்த ஓர் ஆபீஸில், யாரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்பது ஒரு ஃபோல்டர் பெயரிலிருந்தே வெளியே தெரிந்துவிட்டது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்து இது மாறும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், என்டிஎஃப்எஸ்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ‘கொடுமுடி’ என்று ஒரே இடத்தில் இரண்டு ஃபோல்டர் இருந்து, கணினியைப் பேய் பிடித்துவிட்டதாக நான் நம்பிய நாள் ஒன்று உண்டு.

டோட்டல் கமாண்டர் வேறு குலம், எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் மென்பொருள். ஸ்விட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993இல் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் வெளியிட்டது, 2002இல் பெயர் மாறியது. இரண்டு பலகை, பழைய காலத்து முகம். காசு கட்டும் வரை ஒவ்வொரு முறையும் 1, 2, 3இல் ஒன்றை அழுத்தச் சொல்லும். இதன் உயிர் கண்ட்ரோல்-டி. அழுத்தினால் நாம் சேர்த்துவைத்த ஃபோல்டர் பட்டியல் விரியும். பெயரில் ஓர் எழுத்துக்கு முன்னால் ‘அண்ட்’ (&) குறியைப் போட்டு வைத்தால், அடுத்து அந்த எழுத்தைத் தட்டியவுடன் ஃபோல்டர் திறந்துவிடும். கண்ட்ரோல்-டி, ஜி: ஜிஎஸ்டி ஃபோல்டர். கண் திரைக்குப் போவதற்குள் கை முடித்துவிடும். தினமும் அதே பதினைந்து இடங்களுக்குப் போகிறவருக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. எவ்ரிதிங்கூட இரண்டாம் இடம்தான். ஆனால் முந்நூறு கிளையன்ட்டையும் அதில் ஏற்றினால் அது பட்டியலாக இருக்காது, டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். தவிர, புதிதாகச் சேரும் பையனுக்குப் பழக்க ஒரு மாதம் பிடிக்கும்.

என் ஆபீஸ் கணினியில் எவ்ரிதிங்கும், ஆறு பின் போட்ட எக்ஸ்ப்ளோரரும் இருக்கின்றன. டோட்டல் கமாண்டர் வீட்டில். நாளெல்லாம் கோப்புகளை இங்கிருந்து அங்கே நகர்த்தும் வேலை என்றால் வரிசையை மாற்றிக்கொண்டிருப்பேன்.

இத்தனையும் செய்தாலும் ஓர் ஓட்டை மிச்சம்: சேவ் அஸ் பெட்டி. போர்ட்டலில் இருந்து பிடிஎஃப் இறக்கும்போது அந்தப் பெட்டி பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் போய் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஏறி இறங்க வேண்டும். லிஸ்டரி என்ற மென்பொருள் இருந்தால் கண்ட்ரோல்-ஜி அழுத்தியதும் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கும் அதே ஃபோல்டருக்கு அந்தப் பெட்டி தாவிவிடும். மென்பொருள் போட ஆபீஸில் விடமாட்டார்கள் என்றால், எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட்-டி, கண்ட்ரோல்-சி. சேவ் பெட்டிக்கு வந்து ஆல்ட்-என், கண்ட்ரோல்-வி, என்டர். ஃபோல்டர் மாறிவிடும். ஒட்டும்போது அங்கிருந்த கோப்பின் பெயர் போய்விடுகிறதே என்றால், முதலில் அதை நோட்பேடில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.